ரோபோவா, கிணறா, முகாமா? பாடசாலைக்கு அனுப்பும் பணத்தை எதில் போடுவது

யாழ்ப்பாணப் பாடசாலைகளுக்கென ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கட்டடத்துக்கும் மதிலுக்கும் நுழைவாயில் வளைவுக்கும் கொடுத்தாகிவிட்டது. இனிப் பிள்ளைகளின் அறிவுக்குக் கொடுக்க வேண்டும், அந்த அறிவு ஊருக்கும் பயன்பட வேண்டும். விஞ்ஞானம், தொழில்நுட்பம், தலைமைத்துவம் மூன்றும் சேர்ந்த ஒன்றைத் தொடங்குவதென்று கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. எதைத் தொடங்குவது என்பதில்தான் இழுபறி.

ஒருவர் ரோபோ ஆய்வுகூடம் என்கிறார். இன்னொருவர் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் மாணவர் குழு என்கிறார். பிள்ளைகளிடம் துணிவும் பேச்சும்தான் குறைவு, தலைமைத்துவ முகாம் நடத்துங்கள் என்பது மூன்றாமவரின் கட்சி. கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேரைத் தெரிவுசெய்து நல்ல பயிற்சிக்கு வெளியே அனுப்பினால் போதும் என்பவரும் உண்டு. நான்கும் நல்ல எண்ணத்தில் பிறந்தவை. ஆனால் ஒரே பாடசாலையால் நான்கையும் தாங்க முடியாது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடாநாட்டின் பெரும்பாலான மாகாணப் பாடசாலைகளுக்கு நான் கிணற்றின் பக்கம் நிற்பேன். எந்த இடத்தில் அந்த முடிவு மாறும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, பிள்ளைகள் செய்து முடித்ததை வாங்கிக்கொள்ள ஊரில் யாராவது காத்திருக்கிறார்களா என்பது. கிணற்றுக்காரர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விவசாயப் போதனாசிரியர், சனசமூக நிலையத் தலைவர் என்று ஆளைச் சுட்டிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பெறுபவர் இல்லாத சேவை, கண்காட்சி நாளோடு முடிந்துவிடும். மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கே நான் அதிக நிறை கொடுக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி பழையது. 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடி வெளியே போவதைக் கண்டு, பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். படித்தவர்கள் தங்கள் கிராமங்களில் நின்று வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். நாம் தொடங்கும் திட்டத்தையும் அந்த நோக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வந்தால் என்ன நடக்கும்? மூன்றாவது, எத்தனை பிள்ளைகளின் கை அதில் படும்? எல்லாப் போட்டிக்கும் போகும் அதே ஐந்து பேர்தானா, பின் வாங்கில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டா? நான்காவது, நேரம். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது, சாப்பிட்ட கையோடு பிள்ளை ரியூசனுக்குச் சைக்கிளை எடுக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைகள் வரிசையில் நிற்கும் ஊரில், அந்த நேரத்தை மதிக்காத திட்டத்தைப் பெற்றோர் ஒரு தவணைகூடப் பொறுக்கமாட்டார்கள். ஐந்தாவது, இரண்டாம் ஆண்டுச் செலவு. முதலாம் ஆண்டுக்குப் பணம் சேர்ப்பது எளிது. இரண்டாம் ஆண்டின் உதிரிச் சாமானுக்கு எவரும் இராப்போசன விருந்து வைத்து நிதி திரட்டுவதில்லை.

| தெரிவு | பெறுபவர் | ஆசிரியர் மாறினால் | கை வைக்கும் பிள்ளைகள் | இரண்டாம் ஆண்டில் |
|---|---|---|---|---|
| ரோபோ ஆய்வுகூடம் | பெரும்பாலும் போட்டி நடுவர்கள் | அனேகமாக நின்றுவிடும் | சிலர் | உதிரிப்பாகம், மின்கலம், மறுபயிற்சி |
| கிணற்று நீர்க் குழு | கிணற்றுக்காரர், சுகாதாரப் பரிசோதகர் | பதிவேடு இருந்தால் தொடரும் | வகுப்பு முழுவதும் | சோதனைத் தாள், போத்தல், ஆய்வுகூடக் கட்டணம் |
| தலைமைத்துவ முகாம் | பங்குபற்றியவர்கள் | பாதிப்புக் குறைவு | பலர், ஓரிரு நாள் | மீண்டும் அதே தொகை |
| வெளியே அனுப்புதல் | போய் வந்த பிள்ளை | பாதிப்பில்லை | மிகச் சிலர் | மீண்டும் முழுத் தொகை |

## ரோபோ ஆய்வுகூடம்

இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். தான் எழுதிய கட்டளைக்கு ஒரு சிறு விளக்கு மினுங்குவதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளை அந்த நாளை மறக்காது. பிழை விட்டால் உடனே தெரிகிறது, திருத்தினால் உடனே இயங்குகிறது. விடையை மனனம் செய்து பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இது அருமருந்து. மைக்ரோபிட், ஆர்டுயினோ போன்ற, கட்டளை எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகள் வந்தபிறகு இதற்குப் பெரும் ஆய்வுகூடமும் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. வெளிநாட்டில் வாங்கிப் பெட்டி கட்டி அனுப்பினால் சுங்கத்தில் நாட்கள் போகும். லித்தியம் மின்கலங்களை விமானப் பொதியில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். தரம் 8 பிள்ளைக்கு அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒருவர் இரவிரவாக இருக்க வேண்டும். அந்த உழைப்பு வரவுசெலவுத் திட்டத்தில் ஒருபோதும் வருவதில்லை. எல்லாவற்றிலும் பெரியது ஆசிரியர். பயிற்சி பெற்றவர் ஒருவர்தான் என்றால், அவருக்கு இடமாற்றக் கடிதம் வந்த நாளோடு அலுமாரியின் திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குப் போய்விடும். பொலித்தீன் உறைகூடப் பிரிக்காத பலகைகளைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். அவற்றை வாங்கப் பனியில் இரண்டு வேலை செய்த மனிதர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இன்னொன்று, ரோபோ இயல்பாகவே போட்டியை நோக்கி இழுக்கும். கோட்டில் ஓடும் வண்டி, தடையைக் கண்டு திரும்பும் வண்டி என்று கேடயம் வரும், பத்திரிகையில் படம் வரும். ஊருக்கு ஒன்றும் வராது.

அதைத் திருப்பவும் முடியும். கிணற்று நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கும் மலிவான மீயொலி உணரி ஏறத்தாழ 4 மீற்றர் வரைதான் அளக்கும். குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நீர் அதற்கும் கீழே கிடக்கிறது. கிணற்றுச் சுவரில் பட்ட ஒலியும் திரும்பி வந்து கணக்கைக் குழப்பும். ஈரப்பதத்தில் இணைப்புகள் துருப்பிடிக்கும், ஆகவே நீர்புகா வகை வேண்டும். உணரியை ஒரு தடியில் கட்டி இறக்குவதா, மிதவை வைத்துச் சக்கரம் சுற்றுவதை எண்ணுவதா என்று பிள்ளைகள் மண்டையை உடைக்கும்போதுதான் தொழில்நுட்பம் உண்மையில் படிக்கப்படுகிறது. வெங்காயத் தறைக்கு நீர் இறைக்கும் ஒருவருக்கு அந்த அளவீடு தேவையும்கூட.

2013 இல் தொடங்கிய உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு உள்ள பாடசாலை, குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் பயிற்சிக்கு முன்வரும் இடம், பின்னேரத்தில் ஆய்வுகூடத்தைத் திறந்து வைக்க அதிபர் சம்மதிக்கும் இடம் ஆகியவற்றுக்கு இது சரியான தெரிவு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாலே ஆசிரியரின் சுமை பாதியாகும்.

## கிணற்று நீர்க் குழு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். அந்தச் செம்பாட்டு மண்ணுக்குத்தான் யூரியாவும் போடுகிறோம், வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழியும் வெட்டியிருக்கிறோம். இரண்டிலிருந்தும் நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பு கீழே இறங்குகிறது. வலிகாமக் கிணறுகளில் இந்தச் சிக்கல் பல ஆண்டுகளாக ஆய்வுகளில் பதிவாகி வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசன் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடும். கொதித்தாறிய நீர்தான் பாதுகாப்பு என்று தலைமுறைகளாக நம்பும் ஊரில் இதை வீடுவீடாகச் சொல்ல ஒருவர் தேவை. தரம் 10 பிள்ளை அதைச் சொல்லலாம்.

உவர் இன்னொரு பாடம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது என்பது நிலத்தடி நீரியலின் எளிய கணக்கு. மேலே ஒரு சாண் நீர்மட்டத்தை இறைத்துக் குறைத்தால் கீழே எவ்வளவு உவர் ஏறும் என்பதைப் பிள்ளையே பெருக்கிப் பார்க்கலாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வருகிறோம். அடர்த்தி என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை எந்தப் பெட்டிக்குள்ளும் வராது.

வேலை எப்படி நடக்கும்? மூன்று பேர் ஒரு குழு, குழுவுக்கு ஐந்து கிணறு. உவரைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவி ஒன்று, நைத்திரேற்றுத் தாள், மலக்கிருமியின் அறிகுறியைக் காட்டும் ஐதரசன் சல்பைட்டுச் சோதனைப் போத்தல். நைத்திரேற்றுத் தாளை நனைத்து, சொன்ன நேரம் காத்திருந்தால் வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பாகும். அதைப் போத்தலில் அச்சிட்ட நிறப்பட்டையோடு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். வெயிலில் பிடித்தால் வாசிப்புப் பிழைக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில தாள்கள் நைத்திரேற்றாகக் கணக்கிடும், சில தாள்கள் அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும். நைதரசனாக 10 என்பது நைத்திரேற்றாக ஏறத்தாழ 44. இதைக் கவனிக்காத குழு, எல்லையை நெருங்கிவிட்ட கிணற்றைச் சுத்தமான கிணறு என்று எழுதிவிடும். அலகைப் பார் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் ஏறாதது, அயல்வீட்டுக் குழந்தையின் பால்போத்தல் என்றால் ஏறிவிடுகிறது.

கிருமிப் போத்தலை நிழலான அறையில் வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்க்க வேண்டும். நீர் கறுத்திருந்தால் ஐயத்துக்கிடம் உண்டு. இயற்கையாகவே சல்பைட்டு உள்ள நிலத்தடி நீரும் கறுக்கும், ஆகவே கறுப்பு என்பது முடிவான தீர்ப்பாகாது. ஆய்வுகூடத்தில் உறுதிசெய்ய வேண்டும், அந்தக் கட்டணத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். தாள்களுக்குக் காலாவதித் திகதி உண்டு. மூடியைத் திறந்து வைத்தால் எங்கள் காற்றின் ஈரத்தில் அதற்கு முன்பே கெடும். மொத்தமாக வாங்கி மூன்று வருடம் வைத்திருக்க நினைக்க வேண்டாம்.

பணத்தில் வராத செலவு ஒன்று இருக்கிறது, அதுவே பெரியது. ஒருவருடைய கிணறு சரியில்லை என்று அவர் வீட்டு முற்றத்தில் நின்று சொல்ல வேண்டும். சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலின் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தில், எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல் மக்கள் அலைந்தார்கள்; வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல்தான் தீர்ப்பு வந்தது. நீரைப் பற்றிய சொல் இங்கே இலேசான சொல் இல்லை. ஆகவே முடிவு முதலில் கிணற்றுக்காரருக்கு மட்டும், ஓர் அட்டையில் எழுதி, பொறுப்பாசிரியரின் கையொப்பத்தோடு போக வேண்டும். சந்தேகமானவை பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போக வேண்டும். முகநூலில் படம் போடக் கூடாது. "அம்மா, இது முதற்கட்டச் சோதனைதான். ஆய்வுகூட முடிவு வரும்வரை குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம்" என்று பதினைந்து வயதுப் பிள்ளை நிதானமாகச் சொல்லப் பழகினால், தலைமைத்துவத்துக்கு நான் வேறு பாடத்திட்டம் கேட்கமாட்டேன்.

பெற்றோரின் தயக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் தெரியாத வீடுகளுக்குப் போவதை எல்லோரும் விரும்பமாட்டார்கள். சனிக்கிழமை காலை, சொந்த ஒழுங்கைக்குள், மூவராக, ஓர் ஆசிரியரோ சனசமூக நிலையத்து அக்காவோ கூட வர என்று ஒழுங்கு செய்தால் தடை பெரும்பாலும் விலகும். பெண் பிள்ளைகளை வகுப்பறையில் இருந்து வரைபடம் மட்டும் கீறச் சொல்லும் ஏற்பாட்டுக்கு இணங்காதீர்கள்.

எங்கே பொருந்தாது? நடக்க விருப்பமில்லாத ஆசிரியரிடம் இதைத் திணிக்க முடியாது. நகரத்துப் பெரிய பாடசாலைகளில் பிள்ளைகள் குடாநாடெங்கிலுமிருந்து வருவதால், பாடசாலையைச் சுற்றிய கிராமம் அவர்களுடையது இல்லை. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தால் உவர்த்தன்மையின் வரைபடம் ஒரே வாரத்தில் கிடைக்கும். கிருமிச் சோதனைக்கு மட்டும் அந்த வழி உதவாது, அதை எடுத்த கையோடு செய்ய வேண்டும்.

## தலைமைத்துவ முகாம்

இரண்டு நாள் முகாம், ரீ சேர்ட், பதாகை, வெளியிலிருந்து வரும் பேச்சாளர், நிறைவில் சான்றிதழ். ஆசிரியருக்குச் சுமையில்லை, ரியூசனோடு மோதாது, படங்கள் நன்றாக வரும். அதனால்தான் சங்கங்கள் இதை விரும்புகின்றன. கூச்சமுள்ள பிள்ளை மேடையில் நாலு வசனம் பேசிவிட்டு இறங்குவதும் சிறிய விடயமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்காது. வேலையில்லாத தலைமைத்துவம் எதன் தலைமை?

முகாமுக்கு என்று ஒதுக்கிய தொகையை, பாடசாலையில் ஏற்கெனவே இருக்கும் சாரணர் குழுவுக்கோ சென் ஜோன் முதலுதவிப் படைக்கோ கொடுப்பதை நான் மேலாக நினைக்கிறேன். அங்கே சீருடையும் வாராந்தப் பயிற்சியும் மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் வழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களுக்குப் பாம்புக்கடி முதலுதவியைக் கொடுங்கள். சுருட்டை, புடையன், நாகம், விரியன் எல்லாம் உலாவும் தோட்ட ஊர்கள் இவை. கடிவாயைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுகக் கட்டக்கூடாது. மோதிரம், காப்பைக் கழற்ற வேண்டும், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 1990 இலவச அம்புலன்சை அழைக்க வேண்டும். இதைச் சனசமூக நிலையத்தில் தோட்டக்காரர்களுக்குச் செய்து காட்டும் பிள்ளையிடம் விஞ்ஞானமும் சேவையும் தலைமையும் ஒன்றாகவே இருக்கின்றன.

தீவகத்துச் சிறிய பாடசாலைகளுக்கு இந்த வழியே உகந்தது. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறிப் போகும் ஆசிரியர் மாலைப் படகுக்குத் திரும்ப வேண்டும். நீண்ட களப்பணியை அவரிடம் கேட்பது நியாயமில்லை. அவசர நேரத்தில் கடல் தாண்ட வேண்டிய ஊரில் முதலுதவி தெரிந்த பிள்ளைகள் இருப்பது உயிர் காக்கும்.

## சிலரை வெளியே அனுப்புதல்

கொழும்பிலோ வெளிநாட்டிலோ நடக்கும் ஒரு பயிற்சிக்கு இருவர், மூவர். போகும் பிள்ளையின் வாழ்க்கையே மாறக்கூடும், அதை மறுக்கவில்லை. ஊர் கேட்கும் கேள்விக்கு மட்டும் இது பதில் தராது. பாடசாலையில் ஏற்கெனவே ஒரு குழு இயங்கி, அதற்கு ஒரு குறிப்பிட்ட திறன் தேவைப்பட்டால் அனுப்புங்கள்; திரும்பி வந்து தரம் 9 இற்குக் கற்பிப்பேன் என்ற உடன்பாட்டோடு. தெரிவை ஆங்கிலப் புலமையை வைத்துச் செய்தால், ஏற்கெனவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளையே ஒவ்வொரு தடவையும் போகும்.

## பணம் அனுப்பும் முன்

அதிபரிடம் மதிப்பீட்டுப் பட்டியல் கேட்பதற்கு முன் இரண்டு பெயர்களைக் கேளுங்கள்: பொறுப்பெடுக்கும் இரண்டாவது ஆசிரியர் யார், முடிவைப் பெறப்போகும் ஊரவர் யார். இரண்டு பெயரும் வந்தால் எந்தத் தெரிவும் நடக்கும். ஆசிரியர்கள் இருவரும் மின்னியலில் ஈடுபாடுள்ளவர்கள் என்றால், கிணறு சிறந்தது என்ற என் வாதத்தை ஒதுக்கிவிட்டு ரோபோவுக்கே கொடுங்கள். நீர்மட்டக் கருவியை மட்டும் கேளுங்கள். பெயர் ஒன்றும் வராவிட்டால் சாரணருக்கும் முதலுதவிப் படைக்கும் ஒரு சிறு தொகை போதும், மிகுதியை வங்கியில் வைத்திருங்கள்.

கிணற்றைத் தெரிவுசெய்தவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் ஒப்பிடலாம். ஆவணியில் நீர் அடியில் கிடக்கும்போது உவர் கூடித் தெரியும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையில் தோட்டத்து உரமும் குழிகளின் கழிவும் கழுவிக்கொண்டு இறங்கும். ஆகவே ஆனிக்குள் பணத்தில் பாதி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு வந்து, ஆவணிக்குள் கருவி கைக்கு வர வேண்டும். மறுபாதியைத் தை மாதம், இரண்டாவது அளவீட்டின் அட்டைகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அனுப்புங்கள்.